நீர்க்காவல் யார் கடன்?

(மட்டாஞ்சேரியில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா என்றால் இசையும் நடனமும் நாடகமும் குழந்தைகளுக்குப் பரிசளிப்பும் இருத்தல் இயல்பு. அவற்றினிடையே குடிநீரைப் பற்றிப் பேசுதல் பொருந்துமா என்று அன்பர் சிலர் நினைக்கக்கூடும். தமிழ்ச் சங்க மேடையில் இதனினும் பொருத்தமான பொருள் வேறில்லை என்பது நம் கருத்து. வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை முதலில் வைத்தார். அதற்கு அடுத்த இடத்தை வான்சிறப்பிற்கே அளித்தார். மன்னனையும் மக்களையும் பற்றிப் பேசுமுன் மழையைப் பற்றிப் பேசினார். பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சென்ற குடபுலவியனார் என்னும் புலவர் அவனது வெற்றியைப் புகழ்ந்ததோடு நில்லாமல், நாட்டில் நீர்நிலைகளைப் பெருக்குமாறும் அறிவுறுத்தினார். அப்பாட்டைப் புறநானூற்றிலே காணலாம். நீரைக் காப்பது ஆள்வோர் கடன் என்னும் எண்ணம் நமக்கு மேனாட்டிலிருந்து வந்ததன்று. நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ட உண்மை.

இன்று நாம் சொல்ல விழைவது ஒன்றே. குழாய் பதிக்கும் வேலையை அரசு ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கலாம். பொறி இயக்கும் வேலையையும் கொடுக்கலாம். ஆனால் ஆற்றின் கரையிலிருந்து நம் வீட்டுக் குடம் வரை நீரைத் தூய்மையாகக் காக்கும் பொறுப்பை எவரிடமும் விற்கவோ குத்தகைக்கு விடவோ அரசுக்கு உரிமை இல்லை. அப்பொறுப்பு கைநழுவிய இடங்களிலெல்லாம் நோய் வந்தது. அல்லது தாகம் வந்தது.

முதலில் நாம் வாழும் இவ்வூரையே நோக்குவோம். மட்டாஞ்சேரி நீர்ப்பரப்பை ஒட்டிய ஊர். ஆயினும் குடிக்கும் நீருக்கு ஏங்கிய ஊர். கிணறு தோண்டினால் உவர்நீரே ஊறும். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கோட்டையில் இருந்த காலத்தில், நல்ல நீர் ஆலுவாவிலிருந்து படகுகளில் வந்தது. யானைக்கால் நோய் இங்கு மிகுந்திருந்தமையால், ஆங்கிலேயர் அதற்குக் ‘கொச்சிக் கால்’ என்றே பெயரிட்டனர். அந்நோய் இவ்வூர் நீரைக் குடிப்பதால் வருவதென்று அக்காலத்தார் நம்பினர். கொசுவே அதனைப் பரப்புகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் அக்கொசு பெருகுவது தேங்கிய அழுக்கு நீரில் அன்றோ? எவ்வாற்றானும் நீரைக் காவாமையே நோய்க்கு வித்தாயிற்று. 1914 ஆம் ஆண்டில் கொச்சி அரசு சொவ்வரையிலிருந்து குழாய் வழியே எர்ணாகுளத்திற்கும் மட்டாஞ்சேரிக்கும் நீர் கொணர்ந்தது. காசு உடையவர் படகு நீர் வாங்கிக் குடிக்க, இல்லாதவர் உவர்நீர் குடித்த நிலையை மாற்றியது பொதுக் குழாய். அதனை அமைத்தது வணிகம் அன்று, அரசு.

அந்த நீரைத் தந்தது பேரியாறு. இவ்வாறு நமக்கு அயலானது அன்று. தமிழக எல்லையை ஒட்டிய சிவகிரி மலைப் பகுதியில் தோன்றி, 244 கிலோமீட்டர் ஓடி, இங்கே கடலைக் கலக்கிறது. 1895 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப் பெரியாறு அணையின் வழியே இதன் நீர் தேனி, மதுரைச் சீமைகளின் வயல்களை இன்றும் வளர்க்கிறது. சங்கப் பாடல்கள் போற்றும் முசிறித் துறை இதன் கழிமுகத்தில் இருந்தது. 1341 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அத்துறை தூர்ந்து, கொச்சித் துறைமுகம் திறந்தது என்று வரலாற்றறிஞர் உரைப்பர். மதுரையில் இருக்கும் நம் உறவினரும் மட்டாஞ்சேரியில் இருக்கும் நாமும் ஓராற்றின் நீரை உண்பவர்கள்.

இனி அவ்வாற்றின் இன்றைய நிலையைக் காண்போம். ஆலுவாவிற்குக் கீழே ஏலூர், எடையார் என்னும் இடங்களில் ஆற்றின் இரு கரையிலும் ஆலைகள் எழுந்தன. 1943 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எஃப்.ஏ.சி.டி. என்னும் உர ஆலை 1947 இல் உரம் வடிக்கத் தொடங்கிற்று. பின்னர் அருமண் ஆலையும் காரம் வடிக்கும் ஆலையும் வந்தன. 1958 இல் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி செய்யும் ஆலை வந்தது. நாளடைவில் சிறிதும் பெரிதுமாக இருநூற்றுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் நிறைந்தன. நாடு உரிமை பெற்ற புதிதில் பசியையும் மலேரியாவையும் வெல்ல இவை வேண்டியிருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உற்பத்திக்கு உரிமம் வழங்கிய அரசு, கழிவுக்குக் காவல் வைக்க மறந்தது. நீர் மாசு தடுப்புச் சட்டமே 1974 இல்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறைக் கழிவு ஆற்றின் மடியில் படிந்துவிட்டது.

ஏலூரில் குழிக்கண்டம் தோடு என்று ஓர் ஓடை உண்டு. 1999 ஆம் ஆண்டில் கிரீன்பீஸ் அமைப்பினர் அங்கு எடுத்த மாதிரிகளில், டி.டி.டி. உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட வேதிப் பொருள்கள் காணப்பட்டன. 2004 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு அங்கு வந்து பார்த்தது; கிணறு கெட்ட வீடுகளுக்கு ஆலைகளின் செலவில் குடிநீர் தருமாறு பணித்தது. ஆற்றங்கரையில் வாழும் மக்கள் குடிக்க நீர் கேட்டு நீதிமன்றத்தின் வாயிலில் நிற்க நேர்ந்தது எத்துணைக் கொடுமை!

‘நம் நீரேற்று நிலையம் ஆலைகளுக்கு மேலே ஆலுவாவில் உள்ளது, நமக்கு என்ன அச்சம்?’ என்று சிலர் கேட்பர். நியாயமான வினாவே. கோடையில் ஆற்றில் வரத்துக் குறையும்போது, கடலின் ஓதம் மேல்நோக்கி ஏறும். உவர்நீர் மட்டும் ஏறுவதன்று. ஆலைக் கழிவும் உடன் ஏறக்கூடும். அதனைத் தடுக்கவே பாதாளம், புறப்பிள்ளிக்காவு ஆகிய இடங்களில் தடுப்புகள் அமைத்தனர். தடுப்பை மூடினால் அழுக்கு அங்கே தேங்கும். திறந்தால் ஒரேயடியாகக் கீழே பாயும். 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் மழை மிகுந்து பாதாளத்து மதகுகள் திறந்தபோது, பேரியாற்றில் மீன்கள் கணக்கின்றிச் செத்து மிதந்தன. வராப்புழை, சேரானல்லூர்ப் பக்கங்களில் கூண்டுகளில் மீன் வளர்த்தோர் கடன் வாங்கிப் போட்ட முதலை ஓரிரவில் இழந்தனர். நீரில் உயிர்வளி குறைந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அமோனியாவும் சல்ஃபைடும் அளவுக்கு மிஞ்சி இருந்தன என்றனர் கேரள மீன்வளப் பல்கலைக்கழக ஆய்வாளர். மீன் இறந்த பின் காரணம் தேடுவதினும், இறவாமல் காப்பதே காவலுக்கு அழகு.

இங்கே நாம் ஒன்றை ஒளிக்காமல் பேச வேண்டும். நம் குடும்பங்களிலும் ஆலை வேலையால் அடுப்பெரியும் வீடுகள் உண்டு. ஆகவே ஆலைகளை இழுத்து மூடுக என்று நாம் சொல்லவில்லை. கூலி தருகின்ற கை நஞ்சும் தரலாம் என்பது தொழில் அறம் ஆகாது. ஆலையும் வேண்டும், ஆறும் வேண்டும் என்று கேட்பது பேராசை அன்று. கழிவைத் தூய்மை செய்யும் செலவு, சரக்கின் விலையில் அடங்க வேண்டிய செலவு. அதனை முதலாளி கொடாவிட்டால், மருத்துவச் செலவாகத் தொழிலாளியின் குடும்பம் கொடுக்கும். இடையில் நின்று அதனை உரியவரிடம் வாங்க வேண்டியது அரசு.

இது மலையாள நாட்டின் குறை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். நம் தாயகத்திலும் இதே கதைதான். திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கிற்று. பாசனத்திற்காக 1992 ஆம் ஆண்டில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, கழிவுத் தேக்கமாக மாறிற்று. ‘தண்ணீர் திறந்துவிடுக’ என்று கேட்க வேண்டிய உழவர், ‘திறவாதீர்’ என்று முறையிட நேர்ந்தது. 2011 ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. பல்லாயிரவர் வேலையின்றித் தவித்தனர். தொடக்கத்திலேயே காவல் இருந்திருப்பின், ஆறும் கெட்டிராது, வேலையும் நின்றிராது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் ஒரு நெறியை நிலைநாட்டியது: மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பது அது. அவ்வழக்கு வேலூர் மக்கள் தொடுத்த வழக்கு. அதன் பயன் இந்தியா முழுமைக்கும் கிடைத்தது.

ஆற்றைக் கெடுத்தல் ஒரு வகைத் தீங்கு. பொது நீரையே தனியார் எடுத்துக்கொள்ளுதல் மற்றொரு வகை. பாலக்காடு மாவட்டத்தில், தமிழ் வழங்கும் சித்தூர் வட்டத்தில், பெருமாட்டி ஊராட்சிக்கு உட்பட்டது பிளாச்சிமடை. 2000 ஆம் ஆண்டில் கோக்ககோலா நிறுவனம் அங்கு ஆலை தொடங்கி, நிலத்தடி நீரை எடுத்துப் புட்டிகளில் அடைத்து விற்றது. சில காலத்தில் சுற்றிலும் இருந்த கிணறுகள் வற்றின. எஞ்சிய நீரும் சமைக்கவும் குளிக்கவும் ஆகாதாயிற்று என்று மக்கள் முறையிட்டனர். உரமென்று உழவர்க்குக் கொடுத்த ஆலைக் கசடில் காரீயமும் காட்மியமும் இருந்ததை 2003 இல் பி.பி.சி. வானொலி வெளிப்படுத்தியது. 2002 ஏப்ரல் முதல் ஆலை வாயிலில் அறப்போர் நடந்தது. அதனை முன்னின்று நடத்தியவர்களுள் மயிலம்மா என்னும் பழங்குடித் தாய் ஒருவர். பள்ளிப் படிப்பில்லாத அவ்வம்மையார், நீர் யாருடையது என்னும் வினாவை உலகின் முன் வைத்தார். 2007 இல் அவர் மறைந்தார். அவர் எழுப்பிய வினா மறையவில்லை.

ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 திசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலன் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005 இல் அதே நீதிமன்றத்தின் இருவர் ஆயம், நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்று மாற்றிக் கூறியது. ஆயினும் ஆலை மீண்டும் ஓடவில்லை. தொடங்கும் எண்ணமில்லை என்று 2017 இல் நிறுவனமே உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010 இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. இழப்பீட்டிற்கான தீர்ப்பாயச் சட்டத்தைக் கேரளப் பேரவை 2011 இல் நிறைவேற்றியது; குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமல் அது திரும்பியது. ஆலையை நிறுத்தியது மக்களின் வலிமை. இழப்பீட்டைப் பெற்றுத் தருவது அரசால் மட்டுமே ஆகும் செயல், அதுதான் ஆகவில்லை.

நீர் வழங்குதலை வணிகர் கையில் விட்டால் என்ன நேரும் என்பதற்கு இலண்டன் மாநகரின் வரலாறு நல்ல பாடம். 1854 ஆம் ஆண்டில் அங்கு வாந்திபேதி பரவியது. தெற்கு இலண்டனில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரு வேறு கம்பெனிகள் நீர் விற்றன. லாம்பெத் கம்பெனி 1852 இல் நகரச் சாக்கடை கலவாத மேலாற்றிற்குத் தன் நீரேற்றத்தை மாற்றிக்கொண்டது. சௌத்வார்க் வாக்ஸ்ஹால் கம்பெனியோ சாக்கடை கலந்த இடத்திலேயே நீர் எடுத்தது. சான் ஸ்னோ என்னும் மருத்துவர் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். முதல் ஏழு வாரங்களில் பத்தாயிரம் வீடுகளுக்கு லாம்பெத் நீர் குடித்தவருள் 37 பேர் மாண்டனர்; மற்றக் கம்பெனியின் நீர் குடித்தவருள் 315 பேர் மாண்டனர். எந்தக் கம்பெனியின் குழாய் தம் வீட்டிற்கு வருகிறது என்பதே பலருக்குத் தெரியாது. சட்டம் நீரேற்றத்தை மாற்றச் சொல்லியிருந்தது; ஆனால் 1855 வரை தவணையும் கொடுத்திருந்தது. அத்தவணைக்குள் போன உயிர்கள் எத்தனை! பின்னர் 1902 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அக்கம்பெனிகளைப் பொது வாரியம் ஏற்றுக்கொண்டது.

அண்மைக் காலச் சான்றுகளும் உள. பொலிவியா நாட்டின் கொச்சபம்பா நகரில் நீர் வழங்கும் உரிமையைப் பன்னாட்டுக் கம்பெனியிடம் கொடுத்தனர். கட்டணம் ஏறியது, மக்கள் கிளர்ந்தெழுந்தனர், 2000 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒப்பந்தம் நீக்கப்பெற்றது. பாரிசு மாநகரம் பல்லாண்டுகள் தனியாரிடம் இருந்த நீர் வழங்கலை 2010 இல் தன் கைக்கே மீட்டது. நம் கோயம்புத்தூர் மாநகராட்சி 2018 இல் சூயஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தோடு 26 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. கொச்சியிலும் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு குழாய்களைப் புதுப்பித்துப் பேணும் பணியை அந்நிறுவனத்திடம் ஒப்படைக்கும் திட்டம் எழுந்தது. கேரள நீர் ஆணையத்தின் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன.

அரசு நடத்தினால் எல்லாம் செம்மையாக நடக்கும் என்றும் நாம் சொல்ல வரவில்லை. 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தின் மோட்டார்கள் பழுதுபட, மேற்குக் கொச்சி பல வாரங்கள் தாகத்தில் வாடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லாரி வரும் நேரம் அறியாது குடங்களோடு காத்திருந்தவர்கள் நம் தாய்மார்களே. பழுதான பொறிக்கு மாற்றுப் பொறி வைக்காதது எவர் செய்யினும் குற்றமே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அன்று நாம் சட்டமன்ற உறுப்பினரைக் கேட்டோம், மாநகராட்சியைக் கேட்டோம், செய்தித்தாள்கள் கேட்டன, உயர்நீதிமன்றமும் கேட்டது. பொறுப்பு இன்னாருடையது என்பது தெளிவாக இருந்தமையால் கேட்க முடிந்தது. நாளை ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் நம் தெருக்குழாய் அடங்கும் என்பதே தெரியாவிட்டால், யாரைக் கேட்பது? குழாயின் கடைமுனையில் இருப்பவர்கள் நாம். நீர் குறைந்தால் முதலில் வற்றுவது நம் குழாய். விலை ஏறினால் முதலில் வாடுவது நம் அடுக்களை.

வெளி மைதானத்தை அடுத்த டோபி கானாவை நினைத்துப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்குத் தொழில் செய்கின்றனர் என்பது வழிவழிச் செய்தி. 1976 இல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் அவர்களுக்குத் துறையும் தொட்டிகளும் கட்டிக் கொடுத்தது. நீரே அவர்களின் முதல்; நீரே அவர்களின் ஏர். நீருக்கு விலை வைக்கும்போது, அத்தகைய எளிய தொழிலாளரை எண்ணியே வைக்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் உள்ளது. மக்களின் உடல்நலத்தை உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்று அரசியலமைப்பின் 47 ஆம் பிரிவு கூறுகிறது. மாசற்ற நீரைத் துய்க்கும் உரிமை உயிர்வாழும் உரிமையிலேயே அடங்கும் என்று 1991 இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. 2010 சூலையில் ஐக்கிய நாடுகள் பேரவை தூய குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. ஏட்டில் உரிமை உண்டு. அதனைக் குழாய்க்குக் கொணர்வதே எஞ்சிய வேலை.

‘நாம் பிழைக்க வந்தவர்கள், ஊர் வழக்கு நமக்கு எதற்கு?’ என்று மூத்தோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தின் காரணம் நமக்கும் விளங்குகிறது. ஆனால் இவ்வூர் நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள், இவ்வூரில் வாக்களிக்கும் பிள்ளைகள், பிழைக்க வந்தவர்கள் அல்லர், இவ்வூர்க் குடிமக்கள். பேரியாறு தமிழனுக்கொரு நீரும் மலையாளிக்கொரு நீரும் தருவதில்லை. கொங்கணியும் குஜராத்தியும் முஸ்லிமும் கிறித்துவரும் நம்மோடு அதே வரிசையில் குடம் வைத்தவர்கள். அவர்களோடு சேர்ந்து கேட்பதே நமக்கும் மதிப்பு.

ஆதலின் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, சங்கத்தில் நீர்க்குழு ஒன்று அமைக்க வேண்டும். எந்தத் தெருவில் எந்நாள் நீர் வந்தது, எந்நாள் வரவில்லை, எந்நாள் நிறமும் நாற்றமும் மாறியிருந்தது என்று அக்குழு நாள்தோறும் குறித்து வைக்க வேண்டும். குறிப்பின்றிச் செய்யும் முறையீட்டை அதிகாரிகள் எளிதில் தள்ளிவிடுவர். இரண்டாவது, நீரின் சோதனை முடிவுகளை மாதந்தோறும் பொதுமக்கள் காணும்படி வெளியிடுமாறு நீர் ஆணையத்தையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் கேட்க வேண்டும். மூன்றாவது, எந்த நிறுவனத்தோடு எந்த ஒப்பந்தம் செய்யினும், அது மலையாளத்திலும் தமிழிலும் மக்கள் படிக்கக் கிடைக்க வேண்டும். விலை வைக்கும் உரிமையும் தரம் காக்கும் பொறுப்பும் அரசிடமே இருக்கும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். நான்காவது, வார்டு சபை கூடும் நாளில் வீட்டிற்கு ஒருவர் தவறாது செல்ல வேண்டும். தாய்மார்கள் சென்றால் இன்னும் நன்று. நீர் இல்லாத வீட்டின் துன்பத்தை அவர்களைப் போல் எடுத்துரைப்பவர் வேறு எவர்?

அன்பர்களே! நம் பாட்டன்மார் படகு நீருக்குக் காத்திருந்தனர். நம் தந்தையர் பொதுக் குழாயைக் கண்டனர். நம் பிள்ளைகளுக்குப் புட்டி நீரை விட்டுச் செல்வதை முன்னேற்றம் என்று சொல்லலாகாது. குழாயைத் திறந்து ஒரு குழந்தை அஞ்சாமல் நீர் பருகும் ஊரே நல்லாட்சி நிலவும் ஊர். அந்நிலையை இவ்வூரில் காண நாம் கேட்போம். ஒன்றாய் நின்று கேட்போம். கிடைக்கும் வரை கேட்போம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!